ஜெகதீஸ் சந்திர போஸ்: சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தை ஆண்டவர்



விஞ்ஞானப் பாடத்தில் இலத்திரனியலைக் கற்கும்போது, திரான்சிற்றரை ஆளியாகப் பயன்படுத்தி ரிலே ஒன்றை இயக்கும் சுற்றை நீங்கள் வரைந்திருப்பீர்கள். பலர் அப்படத்தை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குச் செல்கின்றனர். வினாத்தாளில் படம் சற்று மாற்றித் தரப்பட்டால் தடுமாறுகின்றனர். அச்சுற்றின் உட்கருத்தை விளங்கிக்கொண்டால் இந்த இடர்ப்பாடு இல்லை. அக்கருத்து ஒன்றே ஒன்றுதான்: வலிமை குறைந்த மின் வேலையைச் செய்ய வேண்டியதில்லை, கட்டளையிட்டாற் போதும். வேலையைச் செய்வதற்கு வேறொரு மின்முதல் இருக்கிறது.

தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் வழக்கத்தை உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தப்பின் ஓசை கொழுந்து பறிப்பதில்லை, கூடை சுமப்பதுமில்லை. ஆனால் அவ்வோசை கேட்டதும் மலை முழுவதும் வேலை தொடங்கும். ரிலேச் சுற்றில் நிகழ்வதும் இதுவே.

இக்கருத்தை இந்திய மண்ணில் பலரும் காணச் செய்துகாட்டிய விஞ்ஞானி சேர் ஜெகதீஸ் சந்திர போஸ் ஆவார். தாய்மொழியில் கல்வியைத் தொடங்கி, வசதியற்ற ஓர் ஆய்வுகூடத்தில் உழைத்து, உலகம் மதிக்கும் நிலையை அடைந்தவர் அவர். அவரது வாழ்க்கையைக் கற்றபின் சுற்றுக்கு வருவோம்.

1. பிறப்பும் தாய்மொழிக் கல்வியும்

போஸ் 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி வங்காளத்தின் மைமன்சிங் நகரில் பிறந்தார். அவ்விடம் இன்று பங்களாதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ், பிரித்தானிய ஆட்சியில் உயர் பதவி வகித்த அரச அலுவலர். அக்காலத்தில் இத்தகைய அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ மகனை வங்காள மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். ஒருவன் ஆங்கிலத்தைக் கற்பதற்கு முன்னர் தன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவரது எண்ணம்.

அங்கு சிறுவன் ஜெகதீஸுடன் ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள் ஒரு மீனவரின் மகனும் தந்தையின் பணியாளர் ஒருவரின் மகனும் ஆவர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிரினங்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தமக்கு ஊட்டின எனப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தமிழ் மொழி மூலம் கற்கும் நீங்கள் இதனைக் கவனியுங்கள். தாய்மொழிக் கல்வி அவரது வளர்ச்சிக்குத் தடையாகவில்லை, அத்திவாரமாகவே அமைந்தது.

2. உயர்கல்வி

1869 இல் அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கு ஹேயர் பாடசாலையிலும் பின்னர் புனித சேவியர் பாடசாலையிலும் கல்லூரியிலும் கற்றார். புனித சேவியர் கல்லூரியில் பௌதிகவியலைக் கற்பித்த அருட்தந்தை இலாபோன், பரிசோதனைகளைச் செய்துகாட்டியே பாடம் நடத்துபவர். போஸுக்குப் பௌதிகவியலில் பற்று ஏற்பட்டது அவராலேயே.

பட்டம் பெற்றபின் 1880 இல் மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவினால் அதனைத் தொடர முடியவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். அங்கு அவருக்குக் கற்பித்தவர்களுள் புகழ்பெற்ற பௌதிகவியலாளரான ரேலி பிரபு ஒருவர்.

3. சம்பளம் பெறாத மூன்று ஆண்டுகள்

1885 இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியற் பேராசிரியராகத் தற்காலிக நியமனம் பெற்றார். அன்றைய கல்விச் சேவையில் ஓர் அநீதியான விதி இருந்தது. ஒரே பதவியில் ஒரே வேலையைச் செய்யும் இந்தியருக்கு ஐரோப்பியர் பெறும் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கே வழங்கப்பட்டது. தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதியே போஸுக்குக் கிடைத்தது. அதாவது, ஐரோப்பியப் பேராசிரியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விட்டு விலகவில்லை. வேலையில் குறை வைக்கவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று கற்பித்தார். ஆனால் மாதச் சம்பளத்தைத் தொட மறுத்தார். அப்போது அவரது குடும்பம் வசதியாக இருக்கவில்லை. பொதுநல முயற்சிகளில் பணத்தை இழந்த தந்தை பெருங்கடனில் இருந்தார். 1887 இல் போஸ் அபலா தேவியைத் திருமணமும் செய்திருந்தார். இருந்தும் மூன்று ஆண்டுகள் சம்பளமின்றியே கற்பித்தார்.

இறுதியில் நிர்வாகம் அவரது தகுதியை ஏற்றுக்கொண்டது. அவரது பதவி நிரந்தரமாக்கப்பட்டு, முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு நிலுவையுடன் ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அப்பணம் தந்தையின் கடனைத் தீர்க்க உதவியது.

மலையகத்தில் வாழும் உங்களுக்குச் சம்பளத்தில் காட்டப்படும் வேறுபாடு அறியாத செய்தியன்று. தோட்டங்களில் பெண்களின் நாட்சம்பளம் ஆண்களின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது 1984 இலேயே ஆகும். எனவே போஸின் மூன்று ஆண்டுகள் எத்தகையவை என்பதை நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

4. ஆய்வுகூடம் இல்லாத ஆய்வாளர்

1894 இல், தமது 36 ஆவது பிறந்த நாளில், இனி ஆய்வுக்கே வாழ்வை அர்ப்பணிப்பதெனப் போஸ் உறுதிகொண்டார். ஆனால் கல்லூரியில் ஆய்வுகூடம் இருக்கவில்லை. கிடைத்தது 24 சதுர அடி கொண்ட ஒரு சிற்றறை. அதன் அளவு ஏறக்குறைய 6 அடி நீளம், 4 அடி அகலம் என எண்ணிக்கொள்ளுங்கள். உதவிக்குக் கிடைத்தவர், விஞ்ஞானக் கருவிகள் செய்வதில் முன்பயிற்சி இல்லாத ஒரு தகர வேலைக்காரர்.

மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்ட்ஸ் 1888 அளவில் பரிசோதனை மூலம் காட்டியிருந்தார். அவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. ஆகவே கருவிகளும் பெரியனவாக இருந்தன. போஸ் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் அலைநீளம் வரையான மிகச் சிறிய அலைகளை உண்டாக்கினார். அதனால் அவரது கருவிகளை மேசை ஒன்றின் மீதே அமைக்க முடிந்தது.

விலையுயர்ந்த பொருள்கள் இல்லையே என அவர் வாளாவிருக்கவில்லை. வங்காளத்தில் விளையும் சணலை முறுக்கி, அலையின் முனைவாக்கத் தளத்தைத் திருப்பும் சாதனமாகப் பயன்படுத்தினார். பழைய புகையிரத நேர அட்டவணைப் புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி முனைவாக்கி ஒன்றைச் செய்தார். 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1897 சனவரியில் இலண்டன் றோயல் நிறுவகத்தில் தமது கருவிகளை அவர் இயக்கிக் காட்டினார்.

5. சுவருக்கு அப்பால் ஒலித்த மணி

1895 இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் போஸ் செய்துகாட்டிய பரிசோதனையே நமது பாடத்துடன் நேரடித் தொடர்புடையது. ஓரிடத்தில் மின்பொறி மூலம் அலைகளை உண்டாக்கினார். அவை சுவர்களை ஊடுருவி ஏறக்குறைய 75 அடி, அதாவது 23 மீற்றர் தொலைவிலிருந்த வாங்கியை அடைந்தன. கம்பித் தொடர்பு ஏதுமின்றி அங்கே ஒரு மணி ஒலித்தது, வெடிமருந்தும் வெடித்தது.

இங்கே நீங்கள் ஒரு வினா எழுப்ப வேண்டும். சுவர்களைக் கடந்து வந்த மெல்லிய அலைக்கு மணியை அடிக்கும் வலிமை எங்கிருந்து வந்தது?

விடை: அலை மணியை அடிக்கவில்லை. வாங்கியில் கோஹரர் எனும் உணரி இருந்தது. தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத் துண்டுகளின் தடை மிக அதிகம். மின்காந்த அலை பட்டதும் அத்தடை சடுதியாகக் குறையும். ஏனையோர் உலோகத் துகள்களைக் குழாயில் அடைத்துப் பயன்படுத்தினர். ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டித் துகள்களைக் குலைக்க வேண்டியிருந்தது. போஸ் துகள்களுக்குப் பதிலாகச் சிறு உருக்கு வில்களை அடுக்கி, அவற்றின் மீதான அழுக்கத்தைத் திருகாணியால் சரிசெய்யும் உணரியை அமைத்தார்.

இத்தகைய வாங்கியில் நிகழ்வனவற்றை ஒழுங்காக எழுதுவோம்:

(அ) அலை வந்து உணரியின் தடையைக் குறைக்கும்.
(ஆ) உணரியுடன் இணைந்த மின்கலத்திலிருந்து செல்லும் மின்னோட்டம் கூடும்.
(இ) அம்மின்னோட்டம் ஒரு தொடுகையை மூடும்.
(ஈ) மூடிய தொடுகையின் வழியே வேறொரு பற்றரி மணியை இயக்கும்.

மணியை ஒலிக்கச் செய்த சக்தி பற்றரியினுடையது. அலை இட்டது கட்டளை மட்டுமே.

6. ரிலே என்பது யாது?

மேலே (இ) இல் கூறிய வேலையைச் செய்யும் சாதனமே ரிலே. இரும்பு அகணியைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின் பாயும்போது அது மின்காந்தமாகி, சிறு இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு அசைய, அதனுடன் பொருத்திய தொடுகைகள் மூடும் அல்லது திறக்கும். மின் நின்றதும் வில் தகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். இத்தத்துவத்தை அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835 அளவில் பயன்படுத்தினார். தொலைவுக்குச் செல்லச் செல்ல வலிமை குன்றும் தந்தி மின்னோட்டத்தை இடையிடையே புதுப்பிக்க ரிலே உதவியது.

சுருளின் சுற்றுக்கும் தொடுகைகளின் சுற்றுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை என்பதை நினைவிற் கொள்க. இது பரீட்சையில் அடிக்கடி மறக்கப்படும் விடயம்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றைச் செலுத்தும் விசிறிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மோட்டர்களுக்குப் பெரிய மின்னோட்டம் தேவை. ஆயினும் தொழிலாளி தொடுவது ஒரு சிறிய பொத்தானையே. உள்ளே ரிலேயின் பெரிய வடிவமான கொன்ராக்டர் தொடுகைகளை மூடுகிறது.

7. குறைகடத்திப் பளிங்கும் காப்புரிமையும்

போஸ் உணரிகளை மேலும் ஆராய்ந்தார். கலீனா எனப்படும் ஈயச் சல்பைட்டுப் பளிங்கு அலைகளை நன்கு உணர்வதைக் கண்டார். இன்று அதனைக் குறைகடத்தி என்கிறோம். கண்டுபிடிப்புகளைக் காப்புரிமை பெற்றுப் பணமாக்க அவர் விரும்பவில்லை. அறிவு எல்லோருக்கும் உரியது என்பது அவரது கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1901 இல் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 இல் 755,840 ஆம் இலக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திச் சாதனமொன்றுக்கான முதற் காப்புரிமைகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதிலிருந்து வருமானம் தேட அவர் முயலவில்லை.

வானொலித் தந்தியின் புகழும் செல்வமும் மார்க்கோனியைச் சேர்ந்தன. 1901 டிசம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த சைகையைப் பெற அவர் பயன்படுத்திய இரச உணரி, 1899 இல் போஸ் வெளியிட்ட இரும்பு - இரச உணரியை ஒத்தது எனப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மார்க்கோனியின் நோக்கம் நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்புவது. போஸின் நோக்கம் அலைகளின் இயல்பை அறிவது. இருவரின் பங்கையும் பிரித்தறிந்து எழுதுவதே சரியான விடையாகும்.

8. பிற்கால வாழ்க்கை

பின்னர் போஸ் தாவரங்களின் துலங்கலை ஆராய்ந்தார். தாவரத்தின் மிக நுண்ணிய வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிறெஸ்கோகிராப் எனும் கருவியை அமைத்தார். சிறிய அசைவைப் பெரிதாக்கிக் காண்பது இங்கும் தொடர்வதைக் கவனியுங்கள். தாவரங்கள் பற்றிய அவரது சில முடிவுகளை அக்கால உயிரியலாளர் பலர் ஏற்கவில்லை. எனினும் தாவரங்களில் மின்சைகைகள் உண்டு என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை.

1917 இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 30 இல், தமது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் நிறுவகத்தை ஆரம்பித்தார். தம்மைப் போல ஆய்வுகூடமின்றி இளைஞர்கள் இடர்ப்படக் கூடாது என்பது அவரது நெடுநாள் விருப்பம். 1920 இல் இலண்டன் றோயல் கழகத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23 இல் கிரிடி எனும் ஊரில் காலமானார்.

அவர் மறைந்து பத்து ஆண்டுகளின் பின், 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டன், ஷொக்லி ஆகியோரின் முயற்சியால் திரான்சிற்றர் பிறந்தது. 1955 இல் குறைகடத்தி ஆய்வின் வரலாற்றை எழுதிய பியர்சனும் பிராட்டனும், வானொலி அலைகளை உணரக் குறைகடத்திப் பளிங்கை முதலிற் பயன்படுத்தியவர் போஸ் எனக் குறிப்பிட்டனர்.

9. திரான்சிற்றரால் ரிலேயை இயக்குதல்

போஸின் வாங்கியில் உணரிக்கும் மணிக்கும் இடையே தொடுகை நின்றது. இன்றைய சுற்றில் உணரிக்கும் ரிலேக்கும் இடையே திரான்சிற்றர் நிற்கிறது. அது ஏன் தேவை? கணித்துப் பார்ப்போம்.

12 வோல்ற்று ரிலேயின் சுருளின் தடை 400 ஓம் எனின்,
சுருளுக்குத் தேவையான மின்னோட்டம் = 12 ÷ 400 = 0.03 அம்பியர் = 30 மில்லி அம்பியர்.

ஒளியுணர் தடையி போன்ற உணரியின் சுற்றிலிருந்து ஓரிரு மில்லி அம்பியரே எளிதாகக் கிடைக்கும். அது ரிலேயை இயக்காது. ஆனால் திரான்சிற்றரின் அடிக்கு அது போதும்.

இணைக்கும் முறை (என்-பி-என் வகை): சுருளின் ஒரு முனையை 12 வோல்ற்று நேர் முனைக்கும் மறு முனையைச் சேகரிப்பானுக்கும் இணைக்க. காலியை மறை முனைக்கு இணைக்க. அடிக்குத் தடையி ஒன்றின் ஊடாகச் சைகையை வழங்குக. சைகை முதலின் மறை முனையும் காலியுடன் இணைந்திருத்தல் வேண்டும்.

அடித்தடையியைத் தெரிதல்: மின்னோட்ட நயம் 100 எனின், அடிக்குக் குறைந்தது 30 ÷ 100 = 0.3 மில்லி அம்பியர் தேவை. ஆளியாகப் பயன்படுத்தும்போது அதிலும் பல மடங்கு வழங்குதல் வேண்டும். 2 மில்லி அம்பியர் எனக் கொள்வோம். சைகை 5 வோல்ற்று. அடிக்கும் காலிக்கும் இடையே 0.7 வோல்ற்று.
தடை = (5 - 0.7) ÷ 0.002 = 2150 ஓம். கடையில் கிடைக்கும் 2.2 கிலோ ஓம் தடையி பொருத்தமானது.

ஏன் பல மடங்கு? திரான்சிற்றர் முழுமையாகத் திறந்த நிரம்பல் நிலையில் அதற்குக் குறுக்கே ஏறக்குறைய 0.2 வோல்ற்றே இருக்கும். அப்போது விரயமாகும் வலு 0.2 × 30 = 6 மில்லிவாற்று. அரைகுறையாகத் திறந்து 15 மில்லி அம்பியர் பாய்ந்தால், அதன் குறுக்கே 6 வோல்ற்று நிற்கும். வலு 6 × 15 = 90 மில்லிவாற்று. அதாவது 15 மடங்கு வெப்பம். ரிலேயும் ஒழுங்காக இழுக்காது. ஆளி என்றால் முழுமையாகத் திறக்க வேண்டும் அல்லது முழுமையாக மூட வேண்டும்.

பாதுகாப்பு இருவாயி: திரான்சிற்றர் மின்னோட்டத்தைச் சடுதியாக நிறுத்தும்போது, சுருளில் மின்வழங்கலிலும் பல மடங்கான மின்னியக்க விசை தூண்டப்படும். அது திரான்சிற்றரைப் பழுதாக்கும். ஆகவே சுருளுக்குச் சமாந்தரமாக இருவாயி ஒன்றைப் பின்முகக் கோடலில் இணைக்க. கோடிட்ட முனை 12 வோல்ற்று நேர்ப் பக்கம் இருத்தல் வேண்டும். மாறி இணைத்தால், திரான்சிற்றர் திறந்ததும் மின் சுருளை விட்டு இருவாயியின் வழியே பாய்ந்து திரான்சிற்றரை எரித்துவிடும்.

எச்சரிக்கை: வீட்டு மின்னான 230 வோல்ற்று உயிராபத்தானது. பயிற்சியின்போது தொடுகைகளுடன் 12 வோல்ற்று மின்குமிழையே இணையுங்கள். பனிமூட்டத்தில் பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் தானே எரியும் விளக்கின் மாதிரியை இவ்வாறே செய்துபார்க்கலாம்.

10. நினைவிற் கொள்க

- சைகை கட்டளையிடும். சக்தியை மின்வழங்கல் கொடுக்கும்.
- அடி மின்னோட்டம் சேகரிப்பான் மின்னோட்டத்தை ஆளும்; சேகரிப்பான் மின்னோட்டம் சுருளை இயக்கும்; சுருள் தொடுகையை இயக்கும்.
- அடித்தடையி இன்றித் திரான்சிற்றரை இணைக்கலாகாது.
- சுருளுக்குக் குறுக்கே இருவாயி கட்டாயம்.

பயிற்சி வினாக்கள்

1. போஸின் 1895 ஆம் ஆண்டுப் பரிசோதனையில் மணியை இயக்கிய சக்தி எங்கிருந்து கிடைத்தது? விளக்குக.
2. போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளத்தைப் பெற மறுத்தமைக்கான காரணத்தைத் தருக. அவர் ஏன் கற்பித்தலை நிறுத்தவில்லை என்பது பற்றி உமது கருத்தை எழுதுக.
3. 12 வோல்ற்று ரிலே ஒன்றின் சுருள் தடை 300 ஓம். திரான்சிற்றரின் மின்னோட்ட நயம் 100. தேவையான மிகக் குறைந்த அடி மின்னோட்டத்தைக் காண்க. (விடை: 0.4 மில்லி அம்பியர்)
4. இச்சுற்றில் இருவாயியை அகற்றினால் ஏற்படும் விளைவு யாது?

மாணவர்களே, உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் கருவிகள் குறைவாக இருக்கலாம். பழுதடைந்த வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்தே ஒரு திரான்சிற்றரையும் இரண்டு தடையிகளையும் கழற்றி எடுக்கலாம். 24 சதுர அடி அறையில், முறுக்கிய சணலோடு தொடங்கியவரின் வரலாற்றை இப்போது அறிந்துள்ளீர்கள். சுற்றைப் படத்தில் வரைவதோடு நிறுத்தாது, கையால் ஒரு தடவையேனும் இணைத்துப் பாருங்கள். ரிலே இழுக்கும் அந்தச் சிறு ஒலியைக் கேட்டவர் இப்பாடத்தை மறக்க மாட்டார்.